நிழலுக்கும் ரிக்கற்றா?

ஒவ்வொரு வருசமும் பங்குனி, சித்திரை வந்தால் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும். கவனம் தேவை என்று சொல்லப்படும் மாகாணங்களில் வடக்கும் அடிக்கடி இருக்கும். கீழே ஆலோசனைகள் வரும். வேலைத்தளத்தில் இருப்பவர்கள் இடையிடையே நிழலில் ஓய்வெடுங்கள், வீட்டில் இருக்கும் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனியுங்கள், வெளிர் நிற உடை அணியுங்கள். வாகனங்கள் என்ற தலைப்புக்கும் ஒரு ஆலோசனை இருக்கிறது: பிள்ளைகளைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

நல்ல ஆலோசனைதான். பூட்டிய காருக்குள் பிள்ளையை இருத்திவிட்டுக் கடைக்குப் போகிற ஆளுக்குக் கட்டாயம் சொல்ல வேணும். ஆனால் எங்கட வட்டத்தில் கார் உள்ள வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். பதினொரு பேரில் ஒருவர். அதுவும் அவருடைய மாமாவின்ர கார். எங்களுக்கு வாகனம் எண்டால் பஸ். அதில் பிள்ளையைத் தனியே விட வழியே இல்லை, ஒரு காலைத் தனியே வைக்கவே இடமில்லை.

அரசாங்கத்தின் கண்ணில் வாகனம் என்றால் கார் என்பதை அந்த ஒரு வரி காட்டிக் கொடுக்கிறது. நாங்கள் கதைக்க வந்ததும் அதைத்தான். ஆனால் ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டு கதைக்கப் போகிறோம்.

கார் யன்னலுக்குப் போடும் வெயில் மறைப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். கறுப்பு வலைத்துணி, விளிம்பில் வளைகிற மெல்லிய கம்பி, கண்ணாடியில் அமத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் குமிழ். சிலதில் காந்தம். பின் சீற்றில் குழந்தை இருந்தால் கரடிக்குட்டி படம் போட்டதும் கிடைக்கும். முன் கண்ணாடிக்கு வேறு: விசிறி மாதிரி மடிகிற வெள்ளித்தாள் பலகை. வெயில் வந்தால் பூட்டு, போனால் கழற்று, சீற்றுக்குப் பின்னால் செருகு. முகநூலைத் திறந்தால் வெயில் காலத்தில் இதுதான் விளம்பரம். எங்களில் ஒருத்திக்கு ஒரே நாளில் நாலு தரம் வந்தது. கார் இல்லாதவளுக்கு கார் மறைப்பு காட்டுகிற அந்தக் கணினி மூளையை என்னவென்று சொல்வது.

அந்தப் பொருளில் எங்களுக்குக் கோபம் இல்லை, அது புத்தியான பொருள். வாகனத்தின் பக்கக் கண்ணாடி சூரியக் கதிரில் புறஊதா பி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டுக் கண்ணாடி என்பதால் அது கூடத் தடுக்கும். 2012 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்த ஒரு படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். 28 வருசம் பார ஊர்தி ஓட்டிய அமெரிக்கர் ஒருவரின் முகம். யன்னல் பக்கமாக இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வலது கன்னம் வேறொரு ஆளுடையது போல இருக்கும். அங்கே சாரதிக்கு இடப்பக்க யன்னல், இங்கே வலப்பக்கம். எங்கட றைவர் அண்ணைமாரின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே போதும், அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை.

இனி எங்கட வழிக்கு வருவம்.

எங்களில் ஏழு பேர் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்குக் கம்பஸ் வருகிறவர்கள். காலையில் பஸ் வடக்கே போகும். கிழக்கு வலப்பக்கம். பின்னேரம் அதே பஸ் தெற்கே திரும்பும். அப்போது மேற்கு வலப்பக்கம். ஆகப் போகும்போதும் வரும்போதும் வலப்பக்க யன்னலுக்குத்தான் வெயில். எங்கட பஸ்ஸில் மூன்று பேர் இருக்கும் சீற்றும் அந்தப் பக்கம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போகும் ரீச்சர்மாருக்கும், கச்சேரி உத்தியோகத்தர்களுக்கும், அறிவியல் நகருக்குப் போகும் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்கும் கணக்கு தலைகீழ்: போகும்போதும் வரும்போதும் இடப்பக்கம். முதலாம் வருசத்தில் இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களாகக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது. கண்டுபிடித்தும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் பரந்தனில் ஏறுகிறவருக்கு இருக்க இடம் கிடைத்தாலே பெரிய விசயம்.

பரந்தன் தாண்டி ஆனையிறவு வரும்போது காலை ஏழு மணி கழிந்திருக்கும். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பளம். ஒரு மரம் இல்லை. சூரியன் இன்னும் மேலே ஏறாததால் வெயில் கிடையாக, நேரே முகத்துக்கு வரும். நீர் வற்றிய மாதங்களில் தரை வெள்ளை பூத்திருக்கும், அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் வேறு. "தொப்பி போடுங்கோவன்" என்று சொல்லும் பெரியவர்கள் ஒரு நாள் அந்த நேரத்தில் அந்தச் சீற்றில் இருந்து பார்க்க வேணும். தொப்பி விளிம்பு உச்சி வெயிலுக்கு உதவும். கிடை வெயிலுக்குத் தொப்பியை மூக்கு மட்டும் இறக்க வேணும், பிறகு பஸ் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேணும். இயக்கச்சிக்குப் பிறகு றோட்டு மேற்கு நோக்கித் திரும்பும், வெயில் பின்னுக்குப் போகும். பளை வந்தால் மூச்சு வரும். பின்னேரம் இதே வேதனை தலைகீழ் ஒழுங்கில். றெக்சின் சீற் அதற்குள் நாள் முழுக்கச் சூடேறி இருக்கும்.

போன பங்குனியில் நடந்த ஒன்று. பஸ்ஸின் பேரும் இலக்கமும் வேண்டாம். நாலாவது வரிசையில் ஒரு ஆச்சி, மடியில் இரண்டு வயது மதிக்கத்தக்க பேரப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் கிளினிக். பிள்ளை வெயிலுக்குக் கண்ணைத் திறக்கமாட்டாமல் சிணுங்கியது. ஆச்சி சீலைத் தலைப்பை எடுத்து யன்னல் கம்பியில் முடிந்தா. பிள்ளையின் முகத்தில் நிழல் விழுந்தது, அழுகை நின்றது. நாங்கள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிமிடம் ஒரு பொறியியல் சாதனை மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கொண்டக்ரர் வந்தார். "ஆச்சி, உதைக் கழட்டுங்கோ. காத்துக்கு வெளியால பறக்குது, எங்கயும் கொளுவினா ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்."

"பிள்ளைக்கு வெயில் தம்பி. முந்தி இந்த பஸ்ஸில சீலை கிடந்தது தானே?"

"அது கிழிஞ்சு போச்சு எண்டு முதலாளி கழட்டிப்போட்டார்."

கொண்டக்ரர் சொன்னது பிழை இல்லை. பறக்கிற சீலை உண்மையாகவே ஆபத்து. ஆச்சி அவிழ்த்தா. மிச்சத் தூரம் தன் கையை யன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தா. கை நோக, மற்றக் கை. கொடிகாமம் வரும்வரை எங்களில் ஒருவருக்கும் அந்தக் கையை வாங்கிப் பிடிக்கத் தோன்றவில்லை. பிறகு ஒருத்தி தன் கோப்பு மட்டையை எடுத்துப் பிடித்தாள். அதுவும் உபகாரமில்லை, அங்கே வெயில் ஏற்கனவே பின்னால் போயிருந்தது.

இந்த இடத்தில் எங்கட கேள்வி. முதலாளி கிழிந்த ரயரைக் கழற்றினால் வேறு ரயர் போடுவார், போடாவிட்டால் பஸ் ஓடாது. கிழிந்த சீலையைக் கழற்றினால் ஏன் வேறு சீலை வரவில்லை? ஏனென்றால் அது இல்லாமலும் பஸ் ஓடும், ரிக்கற்றும் விற்கும். நிழல் கணக்கில் இல்லை.

கணக்கில் இருக்கிற இடமும் உண்டு. இந்த நாட்டில் பஸ்ஸுக்கு வகுப்பு இருக்கிறது: சாதாரணம், அரைச் சொகுசு, சொகுசு, அதிசொகுசு. வகுப்புக்கு வகுப்பு கட்டணம் ஏறும். நாங்கள் இந்த வழியில் கண்டமட்டில் ஒழுங்கான யன்னல் சீலை அரைச் சொகுசில் இருந்துதான் தொடங்குகிறது. கொழும்புக்குப் போகிற குளிரூட்டிய பஸ்ஸில் இரண்டு மடிப்புச் சீலை, தொங்கல், குஞ்சம் எல்லாம் உண்டு. அதாவது கண்ணாடி பூட்டி, குளிர் காற்றும் ஓடுகிற பஸ்ஸில் சீலை இருக்கிறது. குளிரூட்டி இல்லாத, நிறைய ஆட்களை ஏற்றிய, வெக்கை கூடிய பஸ்ஸில் இல்லை. சிவப்புப் பஸ்ஸும் இதில் விலக்கு இல்லை. 1958 இல் பஸ்களை அரசாங்கம் எடுத்தபோது பயணம் செய்வது சனங்களின் தேவை, முதலாளியின் லாபம் மட்டும் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் யன்னல் மட்டும் வந்து சேரவில்லை.

நிழலைச் 'சொகுசு' என்ற சொல்லுக்குள் போட்டது யார்? மெத்தை சொகுசு, பாட்டு சொகுசு, ஏன் அந்தக் குஞ்சமும் சொகுசு. வெயில் படாமல் இருப்பது எப்படிச் சொகுசாகும்? கிளிநொச்சியில் தோட்டம் செய்கிற எங்கட வீடுகளில் மிளகாய், கத்தரி நாற்றுக்கு நிழல் வலை கட்டுகிறோம். கடையில் ஐம்பது வீதம், எழுபது வீதம் என்று கேட்டு வாங்கலாம், நாற்றுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும் என்று பார்த்து. மிளகாய்க்கன்று வாடும் என்பது எல்லாருக்கும் விளங்குது. சோதனை எழுதப் போகிற பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் காய்ந்து, தலையிடியோடு மண்டபத்துக்குள் போவது மட்டும் ஏன் ஒருவருக்கும் விளங்கவில்லை?

இதை வீட்டில் கதைத்தால் கதை வேறு பக்கம் போகும். "ஓம் பிள்ளை, வெயிலுக்க இருந்து வடிவாக் கறுத்துப் போனாய்." பெண்பிள்ளைகளுக்குத்தான் இது. தம்பிமாருக்குச் சொல்லமாட்டினம். எங்கட பிரச்சினை நிறம் இல்லை அம்மா. பிறந்த நிறத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தலைசுற்று, வாந்தி, காலை விரிவுரையில் கண் சொருகுவது, இதுதான் பிரச்சினை. நிழல் வேணும் என்று ஒரு பெண் கேட்டால் உடனே அது வெள்ளைக் கிறீம் கணக்கில் போய் விழுகிறது. பிறகு அந்தக் கோரிக்கையை ஆர் பெரிதாக எடுப்பினம்?

எல்லாம் சரி, சீலை போடச் சொல்லி எழுதுவம் என்று எங்கட கூட்டத்தில் ஒருவர் முடிக்கப் பார்த்தார். அங்கேதான் சண்டை தொடங்கியது. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. எங்களில் ஒருத்தி எழும்பி, "எனக்குச் சீலை வேண்டாம்" என்றாள். இரவுக் கொழும்பு பஸ். லைற் அணைத்தாச்சு. பக்கத்தில் இருந்தவன் கையை நீட்டி, வெளிச்சம் கண்ணுக்குக் குத்துது என்று சொல்லி யன்னல் சீலையை இழுத்து மூடினான். அதற்குப் பிறகு நடந்ததை அவள் எங்களுக்குச் சொன்ன அளவோடு விடுகிறோம். மதவாச்சி தாண்டியதும் அவள் சீலையைத் திறந்து, விடியும்மட்டும் கையால் திறந்தபடி பிடித்துக்கொண்டு இருந்தாளாம், றோட்டு வெளிச்சம் உள்ளே வரட்டும் என்று. ஆச்சி நிழலுக்காகக் கை பிடித்தா, இவள் வெளிச்சத்துக்காகக் கை பிடித்தாள்.

இது அவளுடைய தனிக் கதையும் இல்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிசின் உதவியை நாடியவர்கள் 4 வீதம். அப்படியான பஸ்ஸுக்குள் தடித்த சீலையைத் தொங்கவிடச் சொல்லி நாங்களே கேட்பதா? அன்றைக்குக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. இரண்டு கிழமை இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

மறைப்புக்கு இன்னொரு நினைவும் இந்த மண்ணில் இருக்கிறது. எங்கட அப்பா அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் என்றால் வெயில் ஞாபகம் வராது. வெள்ளை வான்தான் ஞாபகம் வரும். உள்ளே ஆர் என்று தெரியாத வாகனத்தில் ஏற்றப்பட்டு, திரும்பி வராத ஆட்களின் படங்களை வைத்துக்கொண்டு தாய்மார் இன்றைக்கும் கிளிநொச்சியில் றோட்டோரம் நிற்கிறார்கள். நாங்கள் பஸ்ஸில் கடந்து போகும் வழிதான் அது. ஆகவே "யன்னலை மூடு" என்று யோசனை இல்லாமல் எழுத எங்களுக்குக் கை வராது.

திரும்பவும் கூடியபோது தீர்வைக் கொண்டுவந்தது சீலை வேண்டாம் என்றவள்தான். அவள் காட்டியது அந்தக் கார் விளம்பரம். "பாருங்கோ, இது வலை. உள்ள இருக்கிற ஆளை வெளிய இருந்து காணலாம், காத்தும் வரும். பொழுது பட்டால் கழட்டலாம்." கறுப்புத் தாள் ஒட்டினால் அது பகலும் ஒட்டி இருக்கும், இரவும் ஒட்டி இருக்கும். தடித்த சீலை பகலில் காற்றை மறிக்கும், இரவில் ஆட்களை மறைக்கும். கழற்றக்கூடிய வலை வெயிலுக்கு மட்டும் வேலை செய்யும். எங்கட சண்டை முழுக்க "கழற்றலாம்" என்ற ஒரு சொல்லில் தீர்ந்தது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஓட்டோவைப் பாருங்கள். மழைக்கு றெக்சின் மறைப்பு இறங்கும், வெளித்தால் சுருட்டி வாரில் கட்டுவார்கள். ஓட்டோக்கார அண்ணைக்குத் தெரிந்த வேலை பஸ் முதலாளிக்குத் தெரியாமல் இராது.

ஆகவே நாங்கள் கேட்பது: சாதாரண பஸ்ஸின் இரண்டு பக்க யன்னல்களுக்கும் மேலே ஒரு தடி, அதில் சுருட்டக்கூடிய நிழல் வலை, கீழே கொளுக்கி. கொளுக்கி முக்கியம், பறக்கக் கூடாது. பயணி தானே இறக்கலாம், ஏற்றலாம். பொழுது பட்டதும் எல்லா வலையும் சுருட்டப்பட வேணும், அது கொண்டக்ரரின் பொறுப்பு. றைவரின் பக்கக் கண்ணாடிப் பார்வையை மறிக்கிற முதல் யன்னலுக்கு வேண்டாம், அவருக்கு வேறு ஒழுங்கு. இப்போது அவர் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து யன்னலில் செருகித்தான் ஓட்டுகிறார், அது எங்கள் எல்லாருக்கும் ஆபத்து. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் கடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்புப் பஸ்ஸுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை. பாதையையும் கட்டணத்தையும் தீர்மானிக்கிற உங்களுக்கு இதையும் சேர்த்து எழுத ஒரு வரி போதும்.

மறுமொழியும் எங்களுக்குத் தெரியும். "சனம் கிழிக்கும்." கிழிக்கும்தான், சிலர். சீற்றிலும் பேர் எழுதுகிறார்கள், அதற்காகச் சீற்றைக் கழற்றி எடுத்தீர்களா? "செலவு." நாற்று வலையின் விலையைக் கடையில் விசாரித்துவிட்டு வந்து கதையுங்கள். பாட்டுப் பெட்டிக்கும் கலர் லைற்றுக்கும் பிடித்த செலவில் ஒரு துண்டு இது. "வலை வெப்பத்தைக் குறைக்காது." பஸ் முழுவதையும் குளிராக்காது என்பது உண்மை. கண்ணாடிக்கு உள்ளே கிடக்கும் கறுப்பு வலை தானும் சூடேறும், வெளியே கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் நேர் வெயில் தோலிலும் கண்ணிலும் படாமல் தடுக்கும், யன்னல் திறந்திருந்தால் காற்று சூட்டைக் கொண்டு போகும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இன்னொரு மறுமொழி எங்கட ஆட்களிடமிருந்தே வரும்: "நாட்டில எவ்வளவு பிரச்சினை, இவையள் பஸ் யன்னலுக்கு நிக்கினம்." காணிப் பிரச்சினை பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் இதே இடத்தில் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் அந்தப் போராட்டங்களுக்கு வருகிற சனம் எதில் வருகுது? அந்தத் தாய்மார் கச்சேரிக்கும் ஆணைக்குழுவுக்கும் எந்தச் சீற்றில் இருந்து போய் வருகினம்? கார் வைத்திருப்பவர் தன் வெயிலைத் தன் காசால் தீர்த்துவிடுகிறார். அதனால்தான் இது சின்ன விசயமாகத் தெரிகிறது.

கடிதம் எழுதி முடித்தாச்சு. மூன்று நிறுவனத்துக்கும் மூன்று பிரதி. போன கிழமை பஸ்ஸுக்குள் கையெழுத்து வாங்கத் தொடங்கினோம், இடப்பக்கம் இருந்தவர்களும் போட்டார்கள். கொண்டக்ரர் வாசித்துப் பார்த்துவிட்டு, கொளுக்கி இரும்பில் வேண்டாம், துருப்பிடிக்கும், பிளாஸ்ரிக் எண்டு மாத்தி எழுதுங்கோ என்றார். மாற்றிவிட்டோம். தாள் எங்களிடம்தான் இருக்கிறது: காலை கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிடும் பஸ், வலப்பக்கம், நாலாவது வரிசை. பேனை கொண்டு வாங்கோ, எங்களிடம் இருந்தது வெயிலுக்கு மை கசிஞ்சு போச்சு.